மூன்றாம் மாடி விளக்கு

நஸ்மி ஷக்ராவி யார் என்று இஸ்ரேலின் கடற்கரையில் உள்ள அக்கோ ஊரில் கேட்டால், "டைல்ஸ் போடுறவரா?" என்பார்கள். அவர் குடியிருக்கும் நாலு மாடிக் கட்டடத்தில் கேட்டால், "சனிக்கிழமை விளக்குப் போடுறவரா?" என்பார்கள். இரண்டும் அவர்தான். முதல் வேலைக்குக் கூலி உண்டு. இரண்டாவதற்குக் கேக் மட்டும்தான். மனிதருக்குத் தொப்பை விழுந்தது இரண்டாவது வேலையால்.

சக்னின் என்ற அரபு ஊரில் பிறந்த முஸ்லிம். கல்யாணமான கையோடு மனைவி இப்திஹாஜைக் கூட்டிக்கொண்டு கடலோரத்துக்கு வந்தார். கடல் பார்க்க வரவில்லை, வேலை பார்க்க வந்தார். அக்கோவில் அப்போது புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. பக்கத்து நகரமான ஹைஃபாவுக்குப் பஸ் ஏறினால் அங்கேயும் வேலை கிடைத்தது. நாள் முழுக்க மண்டியிட்டுப் பிழைக்கிற தொழில். ரசமட்டத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவர் பார்ப்பதைப் பார்த்தால் ஏதோ தொழுகை நடக்கிறது என்று நினைத்துச் சிலர் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்களாம். நாற்பது தாண்டியதும் முழங்கால் இரண்டும் வம்பு பண்ண ஆரம்பித்துவிட்டன.

வீடு இரண்டாம் மாடியில். நேர் மேலே மூன்றாம் மாடியில் மக்லூஃப் எல்பாஸ், அவர் மனைவி ஃப்ரேஹா. மொராக்கோவிலிருந்து சின்னப் பிள்ளையாகக் கப்பலில் வந்து இறங்கிய யூதர் மக்லூஃப். ஹைஃபா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அவர் பேசுகிற மொராக்கோ அரபியில் நஸ்மிக்குப் பாதிதான் விளங்கும். மீதியை இருவரும் எபிரேயத்தில் ஒட்டுப்போட்டுக்கொள்வார்கள்.

"உங்க அரபியக் கேட்டா தொண்டையில மீன் முள்ளு மாட்டின மாதிரி இருக்கு, அபூ ஷிமோன்" என்பார் நஸ்மி. மக்லூஃபின் மூத்த மகன் பெயர் ஷிமோன்; 'அபூ', அதாவது அப்பா, என்று மகன் பெயரோடு சேர்த்துக் கூப்பிடுவதுதான் அங்கே மரியாதை.

"உன் எபிரேயம் மட்டும் என்னவாம்? சிமெண்டுல ஊறின மாதிரி இருக்கு" என்பார் மக்லூஃப்.

ஆனால் முதல் சனிக்கிழமை இப்படியெல்லாம் நடக்கவில்லை. நஸ்மி குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் மாதம், கடற்காற்று செத்துக் கிடந்தது. கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக மேல்வீட்டுக்காரர் நின்றார்.

"எங்க வீட்ல ரொம்பச் சூடா இருக்கு" என்றார்.

"எங்க வீட்லயும்தான்" என்றார் நஸ்மி.

"எங்க வீட்ல ஏசி இருக்கு."

"நல்லது."

"சும்மாதான் இருக்கு, அது."

"ரிப்பேரா?"

"ரிப்பேரெல்லாம் இல்ல. அருமையா ஓடும். யாராவது போட்டாத்தான்."

நஸ்மி அவரை மேலும் கீழும் பார்த்தார். வெயிலில் மூளை குழம்பிவிட்டது போலிருக்கிறது, பாவம் என்று நினைத்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மக்லூஃப் அதை மரியாதையாக வாங்கிக் குடித்துவிட்டு, பெருமூச்சு விட்டுப் படியேறினார். அன்று பகல் முழுக்க மேல்வீட்டில் வெந்துகொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போன இடத்தில் மேஸ்திரி விளக்கிச் சொன்னபிறகுதான் நஸ்மிக்குத் தலையும் வாலும் புரிந்தது. வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை யூதர்களுக்கு ஓய்வு நாள்; அப்போது அவர்கள் சுவிட்சைத் தொடக் கூடாது. வேற்று மதத்து ஆளைக் கூப்பிட்டு "போடு" என்று ஏவவும் கூடாது. ஆனால் வீட்டில் சூடாக இருக்கிறது என்று காற்றிடம் புலம்பலாம். கேட்கிறவன் தானாகப் புரிந்துகொண்டு, தன் இஷ்டத்துக்கு வந்து, தன் இஷ்டத்துக்குப் போட்டுவிட்டுப் போனால் யாருக்கும் பாவமில்லை.

"இவ்வளவு பெரிய சாமிக்கு இந்தச் சின்னத் தந்திரம் தெரியாதாமா?" என்று இப்திஹாஜ் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை நஸ்மி தானாகவே மேலே போய் நின்றார். "எனக்குச் சூடா இருக்கு" என்று சொல்லி ஏசியைப் போட்டார். ஃப்ரேஹா ஒரு தட்டு நிறைய ஆரஞ்சுக் கேக் வைத்தாள். அதோடு ஆரம்பித்தது.

பிறகு அந்த வேலையில் நஸ்மி தேர்ந்துவிட்டார். "இருட்டுல உனக்குக் காபி கோப்பை தெரியாதே" என்றால் கூடத்து விளக்கு. "தூக்கத்துல கண்ணு கூசுது" என்றால் படுக்கையறை விளக்கை அணைக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கதி ஃப்ரிட்ஜ் பல்பு. கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிந்துவிடும் அல்லவா? அதனால் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் அந்தக் குட்டி பல்பைக் கழற்றிவிட வேண்டும். ஃப்ரேஹா கழற்றி, ஃப்ரிட்ஜ் கதவிலேயே முட்டை வைக்கிற குழியில் வைப்பாள். வருடத்துக்கு ஓரிரு முறை மறந்துபோகும். அவ்வளவுதான், மீனும் சாலடும் எல்லாம் உள்ளே சிறை. வீடே ஃப்ரிட்ஜைச் சுற்றி நின்று துக்கம் கொண்டாடும். அப்புறம் மக்லூஃப் படியிறங்கி வந்து, "நஸ்மி, உனக்குப் பசிக்கலயா? எங்க வீட்ல நல்ல மீன் இருக்கு" என்பார். நஸ்மி போய், தன் பசிக்காகக் கதவைத் திறந்து, பல்பைக் கழற்றி முட்டைக் குழியில் வைத்து, ஒரு துண்டு மீனை வாயில் போட்டுக்கொள்வார். மக்கள் விடுதலை.

இதில் ஒரு தொல்லை என்னவென்றால், சூசகமாகப் பேசுவது மக்லூஃபுக்கு நாக்கிலேயே ஊறிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் வந்து நின்று, "எங்க குளியலறையில ஒரு டைல் ஆடுது போலிருக்கு" என்று கூரையைப் பார்த்துச் சொல்வார்.

"அபூ ஷிமோன், இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. நேரா கேட்கலாம். தடையில்ல!"

"அட, ஆமால்ல" என்பார் மக்லூஃப். ஆனாலும் நேராகக் கேட்க மாட்டார். நஸ்மியே போய் அந்த வீட்டுக் குளியலறை, சமையலறை, கூடம் எல்லாவற்றுக்கும் தன் கையால் தரை போட்டார். கூலி வாங்க மாட்டேன் என்றார், வாங்கித்தான் ஆக வேண்டும் என்று ஃப்ரேஹா சண்டை பிடித்தாள், கடைசியில் பாதி வாங்கிக்கொண்டார். யூதர்களின் பஸ்கா பண்டிகை முடிகிற இரவில், ஏழு நாள் வீட்டில் ஒரு சிட்டிகை மாவுகூட இல்லாமல் காத்திருந்த ஃப்ரேஹாவுக்கு மாவும் ஈஸ்ட்டும் வெண்ணெயும் கொண்டுபோய்க் கொடுப்பவள் இப்திஹாஜ். மொராக்கோவிலும் அந்த மாவு முஸ்லிம் வீட்டிலிருந்துதான் வருமாம். அந்த மாவில் ஃப்ரேஹா சுடச்சுட மெல்லிய அப்பம் சுட்டு, தேன் ஊற்றி, முதல் அப்பத்தை இப்திஹாஜின் வாயில் திணிப்பாள். நோன்பு மாதத்தில் ஃப்ரேஹா பகலில் ஜன்னலைத் திறந்து வெங்காயம் வதக்க மாட்டாள். இதையெல்லாம் யாரும் பெரிய தியாகமாக நினைக்கவில்லை. ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குபவர்கள், அவ்வளவே.

அந்த நாட்டில் சண்டை ஒன்றும் புதிதில்லை. குண்டு விழும், அபாயச் சங்கு ஊதும், எல்லோரும் கீழே பதுங்கறையில் போய் உட்காருவார்கள். அங்கேயும் மக்லூஃபும் நஸ்மியும் காபிக்கு எத்தனை ஏலக்காய் என்று வாக்குவாதம் செய்வார்கள். செய்தி வாசிக்கும்போது மட்டும் இருவரும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்கள். அதைப் பற்றிப் பேசுவதில்லை என்பது பேசாமலேயே போட்டுக்கொண்ட ஒப்பந்தம். அந்த மே மாதம்வரை அது தாங்கியது.

அந்த மே மாதம் சண்டை எல்லையில் நிற்கவில்லை, தெருவுக்குள் வந்தது. முதல் நாள் மாலை, பழைய நகரத்தில் ஷிமோன் வேலை பார்த்த உணவகத்துக்கு அரபுப் பையன்கள் தீ வைத்தார்கள். ஷிமோன் புகையில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தான். மறுநாள் இரவு யூதப் பையன்கள் கும்பலாகக் கம்பும் கல்லுமாகக் கட்டடத்து முற்றத்துக்கு வந்தார்கள். பின்பக்கம் ஒட்டியிருந்த அரபி எழுத்தோ கண்ணாடியில் தொங்கிய மணிமாலையோ, எதை வைத்து அடையாளம் கண்டார்களோ தெரியவில்லை, நஸ்மியின் மகன் ராயிக் புதிதாக வாங்கிய காரை நொறுக்கினார்கள். ராயிக் கீழே இறங்கத் துடித்தான். இப்திஹாஜ் அவன் சட்டையைப் பிடித்த பிடியில் பொத்தான்கள் தெறித்தன. யாரோ கட்டடத்து வாசற்கதவை உதைக்கும் சத்தம் கேட்டது.

நஸ்மி படியேறி மூன்றாம் மாடிக்கு ஓடினார். மனைவியையும் மகனையும் கொஞ்ச நேரம் அந்த வீட்டுக்குள் விட்டுவைத்தால் போதும், எல்பாஸ் என்று பெயர்ப்பலகை தொங்கும் கதவை அவர்கள் உடைக்க மாட்டார்கள் என்று நினைத்தார். கதவுக்கடியில் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. தட்டினார்.

"அபூ ஷிமோன், நான்தான்."

கதவுக்கடியில் இருந்த வெளிச்சம் அணைந்தது.

அன்று புதன்கிழமை. சுவிட்சைத் தொடத் தடையில்லாத நாள்.

நஸ்மி இன்னொரு முறை தட்டவில்லை. கீழே வந்தார். மூவரும் ஜன்னல் இல்லாத குளியலறையில், அவரே போட்ட தரையில், விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். வாசற்கதவு உடையவில்லை. போலீஸ் வந்தது, கும்பல் போய்விட்டது. காரைத் தவிர எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. ஊரில் அதைவிட மோசமாக எத்தனையோ நடந்தது. அதனால் இதைப் பற்றி யாரிடமும் புகார் சொல்லவும் வெட்கமாக இருந்தது நஸ்மிக்கு.

அதற்குப் பிறகு படிக்கட்டில் "ஷாலோம்" என்ற வணக்கம் மட்டும்தான். அதையும் காலைப் பார்த்துச் சொன்னார்கள். ஷிமோன் தேறி வீட்டுக்கு வந்தான். நஸ்மி போய்ப் பார்க்கவில்லை. போக வேண்டும் என்று இரண்டு முறை சட்டை மாற்றினார், இரண்டு முறையும் கழற்றிப் போட்டார். ராயிக் ஹைஃபாவில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சனிக்கிழமைகளில் யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. ஆகஸ்ட் மாதம் வெயில் காய்ந்தபோது மேல்வீட்டு ஏசி ஓடவில்லை. ஃப்ரேஹாவின் செருப்புச் சத்தம் இங்கும் அங்கும் அலைவது கூரை வழியாகக் கேட்டது. நஸ்மி மல்லாந்து படுத்துக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேகட்டும்" என்றாள் இப்திஹாஜ். சற்று நேரம் கழித்து, "அந்தப் பொம்பளைக்கு ரத்தக் கொதிப்பு வேற" என்றாள். ஆனால் இருவரும் எழுந்து போகவில்லை.

வீட்டை விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னது இப்திஹாஜ். அவள் தம்பி ஜுதைதா என்ற அரபு ஊரில் இருக்கிறான், பக்கத்திலேயே வீடு பார்த்தும் வைத்துவிட்டான். "அங்க ராத்திரி கதவு தட்டினா தட்டுறது யாருன்னு பயப்பட வேண்டாம். நாம தட்டினாலும் திறப்பாங்க" என்றாள். நஸ்மிக்குப் போக மனமில்லை. இருக்கவும் மனமில்லை. தான் தட்டிய கதவுக்குக் கீழே நாள் தவறாமல் ஏறி இறங்கி வாழ முடியாது என்றுதான் கடைசியில் சம்மதித்தார். வாங்க ஆள் கிடைத்தது. குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வக்கீல் அலுவலகத்தில் கையெழுத்து என்று முடிவாகியது.

அதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை மத்தியானம், மழை கொட்டிக்கொண்டிருந்தது. இருவரும் கூடத்தில் உட்கார்ந்து தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டில் யாரோ இறங்கி வந்தார்கள். அவர்கள் கதவுக்கு முன்னால் காலடி நின்றது. தட்டவில்லை. தொண்டையைக் கனைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல பல்பைக் கழட்ட மறந்துட்டாங்க போல" என்றது மக்லூஃபின் குரல், சுவரைப் பார்த்துச் சொல்வது போல.

நஸ்மியின் கையில் தட்டு அப்படியே நின்றது.

"உள்ள மீன் இருக்கு" என்றது குரல். கொஞ்சம் பொறுத்து, "ஃப்ரேஹா காலையிலேர்ந்து அந்தக் கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. சாப்பிடல."

இப்திஹாஜ் செய்தித்தாளைக் கசக்கினாள். "எட்டு மாசம் கழிச்சு மீன் ஞாபகம் வந்துருச்சா? பட்டினி கிடக்கட்டும். பட்டினி கிடந்து யாரும் செத்ததில்ல, நாம நோன்பு இருக்கலயா?"

"ஒரு பல்பு. ஒரு நிமிஷ வேலை" என்றார் நஸ்மி.

"விளக்கை அணைக்க அவருக்கு நல்லாத் தெரியும். அன்னிக்கு அணைச்சாரே!"

அவள் சொன்னது முழுக்க நியாயம். நஸ்மிக்கு அது தெரியும். இருந்தும் பசியோடு ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்ட பிறகு தட்டு சுற்ற அவரால் முடியவில்லை. எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, காலுறையோடு கதவைத் திறந்தார். மக்லூஃப் இந்த எட்டு மாதத்தில் நன்றாக இளைத்திருந்தார். வெள்ளைச் சட்டையின் கழுத்துக்குள் இன்னொரு கழுத்தும் நுழையும் போலிருந்தது. நஸ்மிக்கு அதைப் பார்த்ததும் கோபம் வந்தது. கோபப்பட வேண்டிய நேரத்தில் ஆள் இப்படி இளைத்துக்கொண்டு வந்து நின்றால் என்ன செய்வது?

"எனக்குப் பசிக்குது" என்றார் நஸ்மி முகத்தைத் திருப்பிக்கொண்டு. அதுதான் வழக்கமான பதில்.

மேல்வீட்டில் தரை சில்லென்று இருந்தது. அவர் போட்ட தரை. ஃப்ரேஹா சமையலறை வாசலில் கைகளை மேலாடைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றாள். அவள் வாய் மூடியிருந்ததை நஸ்மி அதற்குமுன் பார்த்ததே இல்லை. அவர் ஃப்ரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்து, வெளிச்சத்துக்குக் கண்ணைத் தயார்ப்படுத்திக்கொண்டு, கதவை இழுத்தார்.

உள்ளே இருட்டு.

மீன் இருந்தது. எலுமிச்சை ஊறுகாய் இருந்தது. விளக்குதான் எரியவில்லை. கதவில் இருந்த முட்டைக் குழிகளைப் பார்த்தார். இரண்டு முட்டைக்கு நடுவில், எல்லா வெள்ளிக்கிழமையும் இருக்கிற அதே இடத்தில், குட்டி பல்பு படுத்திருந்தது.

நஸ்மி அதை விரல்களால் எடுத்துத் திரும்பினார். "மறந்துட்டதா சொன்னீங்க."

மக்லூஃப் கூரையைப் பார்த்தார். "ஆமா. கழட்டினதைத்தான் மறந்துட்டேன்."

"பொய்" என்றாள் ஃப்ரேஹா. அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது. "நேத்து சாயங்காலம் அவர் கண்ணு முன்னாடிதான் கழட்டி வெச்சேன். ஓய்வு நாள்ல பொய் சொல்ற மனுஷன்! கீழ இறங்கப்போறேன், வாய மூடிக்கிட்டிருன்னு என்னையும் மிரட்டினார்."

நஸ்மி ஃப்ரிட்ஜை மூடினார். பல்பு கையிலேயே இருந்தது. "எதுக்கு, அபூ ஷிமோன்?"

மக்லூஃப் வாயைத் திறந்தார், மூடினார். "வெளியில லாரி வரப்போகுதுன்னு சொன்னாங்க. பெட்டியெல்லாம் கீழ அடுக்கியிருக்குன்னு..." என்று இழுத்தார்.

"நீங்க சொல்றது ஒண்ணுமே எனக்குப் புரியல. நேரா சொல்லுங்க."

அப்போதுதான் இப்திஹாஜ் உள்ளே வந்தாள். ஒரு நிமிஷ வேலைக்கு இவ்வளவு நேரமா என்று பார்க்க வந்தவள், வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அவளுக்குச் சூசகம், காற்று, கூரை எதுவும் தேவையில்லை. நேராக மக்லூஃபின் முன்னால் போய் நின்றாள்.

"அன்னிக்கு ராத்திரி இவர் வந்து தட்டினார். நீங்க உள்ள இருந்தீங்க. கதவத் திறக்கல, விளக்க அணைச்சீங்க. ஏன்? அதச் சொல்லுங்க முதல்ல."

ஃப்ரேஹா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பயம்" என்றார் மக்லூஃப். "ஷிமோன் ஆஸ்பத்திரியில கிடந்தான். கீழ ஒரே கூச்சல். யாரு யாரை அடிக்கிறாங்கன்னே தெரியல. நஸ்மி குரல்னு எனக்குத் தெரிஞ்சது. தெரியலன்னு பொய் சொல்ல மாட்டேன். நல்லாத் தெரிஞ்சது. ஒருவேளை பின்னாடி இன்னும் யாராவது இருப்பாங்களோன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். கை தானா சுவிட்சுக்குப் போயிருச்சு. கதவத் திறங்கன்னு இவ என் கையைப் பிடிச்சு இழுத்தா. அப்பறமா கதவத் திறக்கறேன்னு நினைச்சேன். அதுக்குள்ள அவன் இறங்கிப் போயிட்டான். காலடிச் சத்தம் கேட்டுக்கிட்டே நின்னேன், இப்திஹாஜ். அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்ல என்கிட்ட இல்ல."

இப்திஹாஜ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஏதாவது சாக்குச் சொல்லியிருந்தால் கிழித்திருப்பாள். கதவைத் திறக்கத்தான் வந்தேன், பூட்டு சிக்கிக்கொண்டது என்று சொல்லியிருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள். இப்படி வெறுங்கையோடு நிற்கிறவரை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"அதுக்கப்பறம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள். குரல் தணிந்திருந்தது. "ஆகஸ்ட்ல வெந்து செத்தீங்களே, அப்பவாவது வந்து தட்டியிருக்கலாமே?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு?" என்றாள் ஃப்ரேஹா. "அன்னிக்கு அவர் தட்டினப்ப திறக்காத நாங்க, எங்களுக்குச் சூடா இருக்குன்னு வந்து தட்டறதா? அதுக்கு வெந்தே சாகலாம்னு இவர் சொன்னார். நானும் சரின்னேன். சொல்லு, பஸ்கா முடியற ராத்திரிக்கு இனி மாவு நான் யார்கிட்ட வாங்குவேன்? சூப்பர் மார்க்கெட்லயா?" என்று சொல்லிவிட்டு மேலாடையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மக்லூஃப் நஸ்மியின் பக்கம் திரும்பினார். இந்த முறை கூரையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்க்கவில்லை. அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"போகாத, நஸ்மி" என்றார். "விளக்குப் போடு, ஏசி போடுன்னு சொல்லத்தான் தடை. போகாதன்னு சொல்லத் தடையில்ல. நேத்து எங்க ஜெபக்கூடத்து ரப்பிகிட்ட போய்க் கேட்டும் பாத்துட்டேன். ஒரு மனுஷனை ஓய்வு நாள்ல போகாதன்னு கேட்கலாமான்னு."

"என்ன சொன்னார்?"

"முட்டாளே, எட்டு மாசத்துல வேற நாளே கிடைக்கலயான்னு கேட்டார்."

இப்திஹாஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வெளியே வந்தது. அதைக் கண்டு ஃப்ரேஹா அழுகையோடு சிரித்தாள். நஸ்மிக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதர் தன்னிடம் வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றை நேராகக் கேட்டிருக்கிறார். கையிலிருந்த பல்பை என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

ஃப்ரேஹா எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்து மீனை எடுத்தாள். நாலு தட்டு வைத்தாள். யாரும் யாரையும் உட்காரச் சொல்லவில்லை, உட்கார்ந்தார்கள். மீன் சில்லென்று, சிவக்கச் சிவக்க மிளகாய் எண்ணெயில் உறைந்திருந்தது. இப்திஹாஜ் ஒரு வாய் தின்றுவிட்டு, "உப்பு கம்மி" என்றாள்.

"கொதிப்புன்னு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார்" என்றாள் ஃப்ரேஹா.

"ஆகஸ்ட்ல ஏசி இல்லாம கிடந்தா கொதிப்பு ஏறாம என்ன செய்யும்?" என்று இப்திஹாஜ் அவளைத் திட்டினாள். திட்டிக்கொண்டே தன் தட்டிலிருந்த நல்ல துண்டை அவள் தட்டில் வைத்தாள். ஷிமோனின் மூச்சு இப்போது எப்படி இருக்கிறது என்று நஸ்மி கேட்டார். ராயிக்கின் காரைப் பற்றி மக்லூஃப் கேட்டார். அந்த இரண்டு கேள்விகளும் எட்டு மாதமாகத் தொண்டையில் இருந்தவை. பதில்கள் ஒன்றும் அவ்வளவு நல்லவை அல்ல. ஷிமோன் இன்னும் இரவில் திடுக்கிட்டு எழுகிறான். ராயிக் அக்கோ பக்கமே வருவதில்லை.

கிளம்பும்போது மக்லூஃப் வாசல்வரை வந்தார். அவர் பதில் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, அதற்குமேல் தொந்தரவு செய்ய அவருக்கு வாய் வராது. இப்திஹாஜ் முதலில் படியிறங்கினாள். நாலு படி இறங்கி நின்று, கைப்பிடிக் கம்பியைப் பார்த்துப் பேசினாள்.

"ஜுதைதாவுல தரை வீடு. முழங்காலுக்கு நல்லதுதான்" என்றாள். "ஆனா அந்த வீட்டுத் தரையப் பாத்தேன். எவனோ கண்ண மூடிக்கிட்டுப் போட்டிருக்கான். அதுல நடந்தா எனக்குத் தலை சுத்துது."

சூசகத்தைப் பார்த்து இத்தனை வருடம் சிரித்தவள் அவள். மக்லூஃபின் கை கதவுச் சட்டத்தை இறுக்கிப் பிடித்தது.

"வக்கீலுக்கு யார் ஃபோன் பண்றது?" என்று நஸ்மி மெதுவாகக் கேட்டார். "நீயா, நானா?"

"நீங்களே பண்ணுங்க. நான் பண்ணினா கத்துவேன்" என்று சொல்லிவிட்டு அவள் கீழே போய்விட்டாள்.

அப்போதுதான் பல்பு இன்னும் தன் கையில் இருப்பதை நஸ்மி கவனித்தார். திரும்ப இரண்டு படி ஏறி, அதை மக்லூஃபிடம் நீட்டினார். ஓய்வு நாளில் அவர் அதைத் தொடமாட்டார் என்று ஞாபகம் வந்தது. தானே உள்ளே போய், இருட்டான ஃப்ரிட்ஜைத் திறந்து, இரண்டு முட்டைக்கு நடுவில் அதைப் படுக்கவைத்துவிட்டு வந்தார்.

"அடுத்த சனிக்கிழமைக்கு நிஜமாவே மறந்துடுங்க, அபூ ஷிமோன்" என்றார். "நான் கீழதான் இருப்பேன்."